மலையேறாத ஆளணி

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறிச் செல்லும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளைத் தொடும் இடத்தில் மடுல்கெல்ல இருக்கிறது. கோப்பிக் காலத்திலேயே காடு வெட்டித் தோட்டமாக்கப்பட்ட மலைகள் இவை. கோப்பி அழிந்த பின் தேயிலை வந்தது. லயங்களை ஒட்டி, லயத்துப் பிள்ளைகளுக்கென்று சிறிய பாடசாலைகளும் எழுந்தன. மலையகக் கல்வியின் குறைகள் என்று பேச்செடுத்தால் நமக்கு ஹட்டனும் தலவாக்கலையும் நுவரெலியாவும் நினைவுக்கு வருகின்றன. கண்டி என்றாலோ பேர்போன கல்லூரிகளின் நகரம்தான் மனதில் நிற்கிறது. இந்த இரண்டிலும் சேராமல் விடுபட்டுப் போனவை மடுல்கெல்லவும் அதைச் சூழ்ந்த தோட்டங்களும். தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் போதாது என்ற குரல் அரை நூற்றாண்டாகக் கேட்கிறது. ஒவ்வோர் அரசும் புதிய நியமனங்களை அறிவித்தே அதற்குப் பதில் சொல்லி வந்திருக்கிறது. நியமனங்கள் தேவைதான். ஆனால் இந்தப் பற்றாக்குறையின் பெரும்பகுதி ஆசிரியரை எண்ணும் முறையாலும் அனுப்பும் முறையாலும் உண்டாவது. அந்த முறைகள் மாறாதவரை எத்தனை நியமனம் கொடுத்தாலும் சில ஆண்டுகளில் அதே வெற்றிடம் திரும்பி வரும். இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

முதலில் நாடு முழுவதற்குமான கணக்கைப் பார்ப்போம். இலங்கையின் அரச பாடசாலைகள் ஏறத்தாழ 10,000. அவற்றில் படிக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ 40 இலட்சம். கற்பிப்பவர்கள் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். வகுத்தால் பதினேழு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். 2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4 கோடி 40 இலட்சம் ஆசிரியர்கள் வேண்டும் என்று யுனெஸ்கோ எச்சரிக்கும் காலத்தில், ஒரு சிறிய நாட்டுக்கு இது வெட்கப்பட வேண்டிய விகிதம் அன்று. ஆனாலும் பட்டதாரிகள் வேலை கேட்டுக் கொழும்பு வீதிகளில் நிற்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கேட்டுப் பாடசாலை வாசலில் நிற்கிறார்கள். இரண்டு கோரிக்கைகளும் உண்மையானவை. இரண்டும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறதென்றால், பதினேழு என்ற சராசரி நமக்கு எதையோ சொல்லாமல் விடுகிறது.

அது எதை விடுகிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை, தரத்துக்கு ஒரு வகுப்பாக, 150 பிள்ளைகள் படிக்கும் ஒரு தோட்டப் பாடசாலையை எடுத்துக்கொள்வோம். நாட்டின் சராசரிப்படி அங்கே ஒன்பது ஆசிரியர்கள் இருக்க வேண்டும். இருக்கிறார்கள் என்றே வைப்போம். தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு, சமயம், இரண்டாம் மொழியாகச் சிங்களம், சுகாதாரம், அழகியல், தொழில்நுட்பம் என்று பாடங்கள் நீள்கின்றன. ஒன்பது பேரில் ஐந்து பேர் கலைப்பட்டதாரிகளாக அமைந்து கணிதத்துக்கு யாருமே இல்லாமல் போனாலும் பதினேழுக்கு ஒன்று என்ற விகிதம் அசையாது. வலயக் கல்விப் பணிமனையின் பதிவேட்டில் அந்தப் பாடசாலை நிறைவாகத்தான் தெரியும். கண்டி நகரத்தின் பெரிய கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு கணித ஆசிரியர்கள் இருந்து ஒருவர் மாறிப்போனால், மற்றப் பதினொருவரும் அவருடைய பாடவேளைகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பிள்ளைக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. தோட்டப் பாடசாலையில் இருக்கும் ஒரே கணித ஆசிரியர் போனால் ஆறு வகுப்புகளிலும் கணிதம் நின்றுவிடுகிறது. பதிவேட்டில் இரண்டும் ஒரேயொரு வெற்றிடம். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் உயர்தரத்தின் வழமையான பிரிவுகளுக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்பதைத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஒரு வெற்றிடத்தின் கனம் புரியும்.

இந்த நிலை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் தோட்டப் பாடசாலை பிறந்ததே நாட்டின் பொதுக் கல்விக்கு வெளியில்தான். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. கிடைத்தது ஓர் அறை, ஓர் ஆசிரியர், சிறுவயதோடு முடிந்துவிடும் படிப்பு. தோட்டத்தில் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்பதைத் துரையே தீர்மானித்த காலம் அது. 1937இல் ஆளுநர் நாடுகடத்த முயன்று நீதிமன்றத்தில் தோற்ற மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், சின்னத்துரையாகத் தொழில் பழக வந்தது இந்த மடுல்கெல்லப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்துக்குத்தான். தொழிலாளர் பக்கம் பரிந்து பேசியதற்காக அவர் வேலையிழந்தார். துரைமாரில் ஒருவருக்கே அந்த நிலை என்றால், பாடசாலைக்கு இன்னோர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் துணிவு தொழிலாளிக்கு எங்கிருந்து வந்திருக்கும்? 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டத்துப் பிள்ளைகள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெற்றோரின் நாட்டுரிமையைப் பறித்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாத மக்களுக்கு ஆசிரியர் கேட்டுப் பாராளுமன்றத்தில் யார் வாதாடுவார்? 1960, 61இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. புறப்பட்ட குடும்பங்களோடு ஓரளவு படித்தவர்களும் கப்பலேறினார்கள். தோட்டங்கள் தேசிய மயமான பிறகு, 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் எண்ணூறுக்கும் மேற்பட்ட தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. பொதுப் பாடசாலைகளுக்கும் இவற்றுக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி விழுந்திருந்தது.

பின்னர் நடந்தவற்றில் பாராட்ட வேண்டியவை இருக்கின்றன. சுவீடனின் உதவியோடு 1980களில் தொடங்கிய பெருந்தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் கட்டடங்களைத் தந்தது; தோட்டப் பகுதி இளைஞர்கள் தனி நியமனங்களின் வழியாக ஆசிரியரானார்கள்; வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியும் பெற்றார்கள். 1990களில் ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி உருவானது. இன்று மலையகத்தில் பல்கலைக்கழகம் வரை போன ஒரு தலைமுறை இருக்கிறதென்றால், அதன் பின்னால் அந்த உள்ளூர் ஆசிரியர்கள் நிற்கிறார்கள். வெளியிலிருந்து ஆசிரியர் வரட்டும் என்று காத்திருந்த காலத்தில் நடக்காத ஒன்று, உள்ளூரிலேயே ஆசிரியரை உருவாக்கியபோது நடந்தது. இந்த அனுபவத்தை நாம் போதுமான அளவு மதிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் அந்த வழி முட்டி நிற்கிறது. தமிழ்மொழி மூலம் கணிதம் கற்பிக்க ஒருவர் வேண்டுமென்றால் அவர் முதலில் உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவில் படித்திருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஆரம்பப் பாடசாலைகள் அல்லது சாதாரண தரத்தோடு நிற்பவை. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சில; அவையும் நகரங்களை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே இன்று எட்டாம் தரத்தில் கணித ஆசிரியர் இல்லாமல் இருக்கும் வகுப்பிலிருந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு கணித ஆசிரியர் வரப்போவதில்லை. இன்றைய பற்றாக்குறைதான் நாளைய பற்றாக்குறையைப் பெறுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் மனமுவந்தே கற்பிக்கிறார்கள். ஆனால் வயதான பெற்றோரையும் குடும்பத்தையும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ விட்டுவிட்டு மலையில் வாடகை அறையில் வாழும் ஒருவர், கட்டாயச் சேவைக் காலம் முடிந்ததும் ஊருக்குப் போக விரும்புவது இயல்பு. அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

மடுல்கெல்ல கண்டி மாவட்டத்தில் இருப்பதால் இன்னொரு சுமையும் சேர்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் உண்டு. கண்டி இல்லை. நகரத்துக் கல்லூரிகளின் பெறுபேறுகள் மாவட்டத்தின் சராசரியை உயர்த்திவிடுகின்றன. அந்த உயரத்தைத்தான் மடுல்கெல்லத் தோட்டத்துப் பிள்ளையும் எட்ட வேண்டும். நகரத்துப் பெரிய கல்லூரியின் மாணவரும், கணித ஆசிரியரைப் பார்க்காமலே ஒரு தவணையைக் கடந்த மாணவரும் ஒரே மாவட்ட ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுகிறார்கள். ஆசிரியரை எண்ணுவதிலும், பின்தங்கிய இடத்தை அடையாளம் காண்பதிலும் நடப்பது ஒரே தவறு: மிகப் பெரிய பரப்பை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அந்தச் சராசரிக்குள் மலை மறைந்துபோகிறது.

அனுப்பும் முறைக்கு வருவோம். 2015இல் மூவாயிரம் அளவிலான இளைஞர்கள் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் 10,000 ஆக உயர்ந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. பதினான்கு நாள் கொழுந்து பறித்தால் அடிப்படைச் சம்பளமே 6,300 ரூபா வரும். உயர்தரம் சித்தியடைந்து, முழு நேரம் வகுப்பெடுத்த ஒருவருக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்தோம். ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியை முடித்த பிறகே அவர்கள் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டார்கள். அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரரைத் தெரிவு செய்தது சரியான முடிவு. அவருக்கு அரைகுறை ஊதியமும் அரைகுறைத் தகுதியும் கொடுத்தது அநீதி. அப்படி நடத்தப்பட்டவர் வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டால் அதை அவருடைய அக்கறைக் குறைவு என்று சொல்ல முடியுமா?

இடமாற்றத்தின் கதை இன்னும் சிக்கலானது. ஆசிரியர் இடமாற்றத்துக்கென்று 2007இல் தேசியக் கொள்கை வந்தது. பாடசாலைகளை வசதியானவை, கஷ்டமானவை, அதிகஷ்டமானவை என்று தரம் பிரித்து, எல்லோரும் குறிப்பிட்ட காலம் கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கையில் பிழை காண்பதற்கில்லை. நடைமுறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, பதிலாள் வருவதற்கு முன்பே விடுவிப்பது. மற்றது, இணைப்பு எனப்படும் தற்காலிக ஏற்பாடு: ஆசிரியரின் பெயரும் சம்பளமும் மலைப் பாடசாலையின் ஆளணியில் இருக்கும், அவர் கற்பிப்பது நகரத்தை அண்டிய வேறொரு பாடசாலையில். நோய், மகப்பேறு, குடும்ப நெருக்கடி என்று நியாயமான காரணங்கள் பல வேளைகளில் இருக்கலாம். ஆனால் பதிவேட்டில் அந்த இடம் நிரம்பியதாகவே காட்டும். நிரம்பிய இடத்துக்குப் புதிய ஆசிரியரைக் கேட்க அதிபருக்கு வழியில்லை. வெளிப்படையான வெற்றிடத்தைவிட இந்த மறைந்த வெற்றிடம் பிள்ளைகளுக்குக் கூடுதல் தீங்கு செய்கிறது.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: இத்தனை சிறிய பாடசாலைகள் எதற்கு, நான்கை ஒன்றாக்கினால் ஆசிரியர் பிரச்சினை தீர்ந்துவிடாதா? நாட்டில் நூறுக்கும் குறைவான பிள்ளைகளைக் கொண்ட பாடசாலைகள் ஏறத்தாழ மூவாயிரம் இருப்பதால் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நகரத்திலும் சமவெளியிலும் அது பொருந்தலாம். மலைத்தோட்டத்தில் அடுத்த பிரிவு என்பது வரைபடத்தில் இரண்டு கிலோமீற்றர். நடையில் ஒரு பள்ளத்தாக்கு. ஆறு வயதுப் பிள்ளையை மழைக்காலத்தில் அவ்வளவு தூரம் நடக்கவிட முடியாது. பாடசாலையை மூடினால் முதலில் படிப்பை நிறுத்துவது பெண்பிள்ளைகளாகத்தான் இருக்கும் என்ற அச்சமும் இருக்கிறது. ஆரம்ப வகுப்புகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஆறாம் தரத்துக்கு மேல், பேருந்து ஓடும் பாதையில் உள்ள ஒரு பாடசாலையை வலுப்படுத்தி, போக்குவரத்தையும் அரசே ஏற்பாடு செய்தால் பாடசாலைகளை ஒன்றாக்குவதைப் பற்றிப் பேசலாம். அதுவும் முடியாத இடத்தில், அருகருகே உள்ள மூன்று பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு கணித ஆசிரியரையும் ஓர் ஆங்கில ஆசிரியரையும் நியமித்துப் பயணப்படி கொடுக்கலாம். ஆசிரியர் பயணம் செய்வது, 150 பிள்ளைகள் பயணம் செய்வதைவிட எளிது.

சிங்களமொழி மூலம் படிக்க வைக்கலாமே என்றும் கேட்கிறார்கள். கண்டி மாவட்டத்தில் தமிழ்ப் பெற்றோர் சிலர் அப்படிச் செய்யவும் செய்கிறார்கள். விரும்பித் தெரிவு செய்தால் அது அவர்கள் உரிமை. ஆசிரியர் இல்லாததால் தாய்மொழியைக் கைவிட வேண்டியிருந்தால் அதற்குத் தெரிவு என்று பெயர் கிடையாது.

இன்னும் வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது. நாடு 2022இல் வங்குரோத்தானது. அந்த ஆண்டின் இறுதியில் ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதால் அரச சேவையிலிருந்து பெருந்தொகையானோர் ஒரே நாளில் வெளியேறினார்கள்; சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அனுமதித்த சுற்றுநிருபத்தால் இன்னும் பலர் போனார்கள். கல்விக்கான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்தையும் தொடாத நாட்டில் புதிய நியமனங்களுக்குப் பணம் எங்கே என்று திறைசேரி கேட்கத்தான் செய்யும். ஆனால் இங்கே கேட்பவற்றில் பலவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. பதிலாள் வராமல் விடுவிக்கக்கூடாது என்ற விதியைக் கடைப்பிடிக்கச் செலவில்லை. இணைப்பில் இருப்பவரின் இடத்தை வெற்றிடமாகக் காட்டவும் செலவில்லை. பணம் தேவைப்படுவது கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவுக்கும் ஆசிரியர் விடுதிக்கும். கண்டி மாவட்டத்துத் தோட்டங்கள் பல இன்னமும் அரச நிறுவனங்களின் கையில் இருப்பதால், விடுதிக்கான காணியை அரசு தன்னிடமே கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

பாடசாலையை அலகாகக் கொண்டு எண்ணுவது நடக்காத காரியம் என்று நினைப்பவர்கள் இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பார்க்கலாம். மாணவர் – ஆசிரியர் விகிதம் ஒவ்வொரு பாடசாலையிலும் பேணப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணிதம்–விஞ்ஞானத்துக்கு ஒருவர், சமூகக் கல்விக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தபட்சம் நிர்ணயிக்கிறது. ஒரு பாடசாலையின் வெற்றிடம் அதன் ஆளணியில் பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு பாடசாலைக்கு நியமித்தவரை இன்னொன்றில் வேலை வாங்குவதையும் தடுக்கிறது. அந்தச் சட்டம் இந்தியா முழுவதும் அப்படியே நடைமுறையாகிவிட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மீறப்பட்டால் சுட்டிக்காட்ட ஓர் அளவுகோல் அங்கே எழுத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இடமாறுதல் கலந்தாய்வில் காலியிடங்களின் பட்டியலை ஆசிரியர்கள் முன்கூட்டியே பார்த்துத் தெரிவு செய்ய முடிகிறது. இங்கும் மத்திய மாகாணம் பாடவாரியான வெற்றிடப் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் வெளியிட்டால், யாருக்கு எங்கே போக வேண்டிய முறை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிபாரிசின் பலம் தானாகக் குறையும். ஆசிரியரின் உரிமைக்கும் அதுவே பாதுகாப்பு. ஐந்து ஆண்டு முடிந்தால் ஊருக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தால், அந்த நாளில் அவரை விடுவிக்க வேண்டும். அதற்கு ஆறு மாதம் முன்பே பதிலாளைத் தேடத் தொடங்க வேண்டும். போகும் நாள் நிச்சயம் என்று தெரிந்தால் வரத் தயங்குபவர் குறைவார்.

காலமும் அதிகம் இல்லை. 1990ஐ ஒட்டி இருபது, இருபத்தைந்து வயதில் ஆசிரியரான அந்த உள்ளூர்த் தலைமுறை இப்போது அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் ஓய்வுபெறும் ஆண்டு ஒவ்வொருவரின் கோவையிலும் எழுதப்பட்டிருக்கிறது. எதிர்பாராத வெற்றிடம் என்று பின்னர் யாரும் சொல்ல முடியாது. அவர்களின் இடத்துக்குத் தோட்டப் பகுதி மாணவர்களை இப்போதே கல்வியியற் கல்லூரிகளுக்குத் தெரிவு செய்ய வேண்டும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போதிய தகுதியுடையோர் கிடைக்காவிட்டால், உயர்தரத்துக்கு முன்பே அவர்களை இனங்கண்டு, விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலையில் விடுதி வசதியோடு படிக்க வைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் முழுச் சம்பளத்தில் சொந்தக் கோட்டத்திலேயே நியமிக்க வேண்டும்.

பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் கேள்வி கேட்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பாடசாலையில் மொத்தம் எத்தனை ஆசிரியர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அலுவலகத்திடம் எப்போதும் நல்ல பதில் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி பாடவாரியாக எவ்வளவு, எந்தப் பாடத்துக்கு எந்தத் திகதியிலிருந்து ஆசிரியர் இல்லை, இணைப்பில் வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர், அடுத்த மூன்று ஆண்டுகளில் ஓய்வுபெறுபவர்கள் யார் யார், அவர்களுடைய பாடங்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைச் சங்கத்தின் கூட்டத்தில் வாசியுங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலைச் சங்கத்தையும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.